பத்தை என்றால் சும்மா கிடக்கிற காணியா?

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்ப்பது தென்னை, உப்பளம், களப்பு, இடையிடையே பத்தை. எழுத்தில் பற்றை. சூரையும் காரையும் ஈச்சையும் எருக்கலையும் பின்னிக் கிடக்கிற முள்ளுக்காடு. காடு என்று சொல்ல மரம் போதாது, வெளி என்று சொல்ல நடக்க இடமில்லை. ஆடு மேயும், விறகு வெட்டலாம். யாருடைய காணி என்று கேட்டால், "அது சும்மா கெடக்குற பத்தைதானே" என்பார்கள்.

இந்தச் "சும்மா"வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரித்தானியர் 1840ஆம் ஆண்டு கொண்டுவந்த 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத, பயிரிடாத நிலமும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்றது. சேனை செய்கிறவர்கள் ஒன்றிரண்டு போகம் விதைத்துவிட்டு, மண் தேறட்டும் என்று நிலத்தைப் பல வருடம் பற்றையாக விட்டுவைப்பார்கள். ஊராருக்கு அது ஓய்வில் இருக்கிற வயல். சட்டத்தின் கண்ணுக்குத் தரிசு. ஆக, பற்றையை அளப்பது தொடக்கத்திலிருந்தே யாருடைய காணி என்று முடிவு செய்கிற வேலையாகவும் இருந்தது.

சங்கிலி பிடித்து அளந்த காலம் போய், வானத்திலிருந்து அளக்கிற காலம் வந்தது. 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செய்மதிகள் எடுத்த படங்கள் 1995இல் வெளியே விடப்பட்டன. 1972இல் லான்ட்சாட் ஏவப்பட்டது. 2008இலிருந்து அதன் படங்கள் எல்லோருக்கும் இலவசம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் எங்கே எவ்வளவு பச்சை என்று தெரியும்.

ஆனால் நம்ம பக்கத்துப் பற்றையில் இந்தக் கணக்கு இலேசில் ஏமாறும். இங்கே பெரிய மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஜனவரிப் படத்தில் பற்றை கறுகறுவென்று காடு மாதிரி நிற்கும். ஓகஸ்ட் படத்தில் அதே இடம் வெறும் மண்ணாகத் தெரியலாம். ஒரு வருடத்து ஜனவரியையும் இன்னொரு வருடத்து ஓகஸ்டையும் பக்கத்தில் வைத்தால் அழியாத காட்டையும் அழிந்ததாகக் காட்டிவிடலாம். இன்னொன்று: லான்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 36 பேர்ச். ஒரு குடும்பத்தின் கிடுகு வீடும் கிணறும் முருங்கையும் முழுசாக அதற்குள் மறைந்துவிடும்.

அப்படி மறைந்துபோன வீடுகள் எவ்வளவோ. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவுக்காரர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். புத்தளத்து மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டார்கள். பிறகு தென்னந்தோட்டங்களிலும் பற்றை வெட்டிய காணிகளிலும் முகாம்கள் எழும்பின. சில மாதம் என்று நினைத்தது இருபது வருடமானது. தண்ணீருக்கும் காணிக்கும் வேலைக்கும் போட்டி வந்தது, கசப்பும் வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 7 லட்சத்து 62 ஆயிரம். இங்கே பற்றை குறைந்ததற்கு இறால் பண்ணை, தென்னை, வீதி என்று பல காரணம் உண்டு. துரத்தப்பட்டவர்களுக்குத் தலைசாய்க்க இடம் தேவைப்பட்டதும் அதில் ஒன்று.

அதே இருபது வருடத்தில், வில்பத்துக்கு வடக்கே, மோதரகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முசலிப் பிரதேசத்தில் பற்றை கூடியது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி என்று ஆள் போன ஊர்களில் கூரை விழுந்து, முற்றத்தில் முள் முளைத்து, கிணறு மூடுண்டது. 2009இல் யுத்தம் முடிந்து சனம் திரும்பியபோது செய்மதிப் படத்தில் அங்கே பச்சைதான் இருந்தது. 2012இலும் 2017இலும் வர்த்தமானி வந்தது. இரண்டாவதில் மாவில்லு வனமாக அறிவிக்கப்பட்டது சுமார் 40,000 ஹெக்டேயர். "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்றது ஒரு பக்கம், "இது எங்கட ஊர்" என்றது மறுபக்கம். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப்பகுதியில் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று சொல்லி, முன்னாள் அமைச்சர் ஒருவர் தன் செலவில் மரம் நட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

காட்டின் இழப்பும் உண்மைதான். யானைக்கும் குளத்துக்கும் அந்தக் காடு வேண்டும், வெட்டிய இடம் எல்லாம் பழைய ஊரும் இல்லை. ஆனால் எந்த வருடத்துப் படத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்று கேட்காமல் இந்த வழக்கைப் பேச முடியாது. 1989இலிருந்து எண்ணினால் ஊருக்கு மேல் பற்றை ஏறியது. 2009இலிருந்து எண்ணினால் காட்டுக்குள் ஆள் புகுந்தது. ஆண்டைத் தெரிவு செய்கிறவர், சனத்தை மீள்குடியேறியவர் என்பதா அத்துமீறியவர் என்பதா என்பதையும் சேர்த்தே தெரிவு செய்துவிடுகிறார்.

புத்தளத்துக்காரர்களுக்கு இது பக்கத்து மாவட்டத்துக் கதை மட்டும் இல்லை. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழிகள்தான் கொழும்புக் குப்பைக்கு இடம் என்றார்கள். 2018இல் ஊரே வீதிக்கு இறங்கியும், 2019இல் குப்பை வந்தது. "சும்மா கெடக்குற" இடம் என்ற நினைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று அப்போது பார்த்தோம்.

நம்மால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. லான்ட்சாட் படங்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. உங்கள் ஊரின் 1989, 2009, இன்றைய படங்களை ஒரே மாதத்தில் எடுத்ததாகப் பார்த்து இறக்குங்கள். பிறகு வீட்டிலிருக்கிற உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ காட்டிக் கேளுங்கள்: கிணறு எங்கே இருந்தது, மையவாடி எங்கே, புளியமரம் எங்கே. அவர் விரல் வைக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 36 பேர்ச் புள்ளிக்குள் இருந்ததைத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள்.