சகோதரமும் பங்கும்

'சகோதரன்' என்னும் வடசொல்லுக்கு ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பது பொருள். 'உடன்பிறந்தான்' என்னும் தமிழ்ச்சொல்லும் அதனையே கூறும். இவ்விரண்டோடு நம் மொழியில் மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு: பங்காளி. தந்தைவழி உறவினனைக் குறிக்கும் இச்சொல் பிறப்பைப் பேசவில்லை. முதுசத்தில் அவனுக்குள்ள உரிமையைப் பேசுகிறது. சகோதரத்துவம் என்னும் பெருஞ்சொல்லை உரைத்துப் பார்க்க இதனினும் நல்ல உரைகல் இல்லை.

பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தில் சகோதரத்துவமும் ஒன்று. ஆயினும் அந்நாட்டின் கரும்புத் தோட்ட அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்த பின்னரே, 1794இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1802இல் நெப்போலியன் அதனை மீட்டான். சொல் இருந்தது, பங்கு இல்லை.

தொலைதேசத்தைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றிலே தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்தனர். ஒருவர் 'அண்ணன்' என்பதை மற்றவர் 'நானா' என்பர், மொழி ஒன்றே. 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி, 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடரால் முஸ்லிம்களையும் தழுவிக்கொண்டது. 'முஸ்லிம் சகோதரர்களே' என்னும் விளி தமிழ் மேடைகளில் வழக்காயிற்று.

1990 ஒக்டோபரிலே தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற ஆணையிட்டனர். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டோர் வீட்டையும் காணியையும் விட்டு நீங்கினர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். தண்ணீரூற்று முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அன்று துப்பாக்கிக்கு அஞ்சினோம் என்பது மெய்யாகலாம். ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் நீடித்த நம் மௌனத்துக்கு அது விடையாகாது.

2009இல் போர் முடிந்தபின் பலர் திரும்பினர். இரு பத்தாண்டுகளில் ஒரு குடும்பம் பல குடும்பங்களாகியிருந்தது. காணி கேட்டனர், முல்லைத்தீவிலே எதிர்ப்பு எழுந்தது. போரில் யாவும் இழந்த தமிழ் ஏழையும் காணியின்றித்தான் நின்றான். இல்லாத இருவரை எதிரெதிரே நிறுத்துவது ஆள்வோருக்கு எளிது. அதற்கு இடங்கொடுப்பது நமக்கு இழிவு.

பங்காளிகள் வழக்காடுவதுண்டு. வழக்காடுவதற்கேனும், எதிரில் நிற்பவனுக்குப் பங்குண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டுமன்றோ? பங்கே இல்லையென்று துரத்தியது வழக்கன்று, வஞ்சனை. ஆகவே அயலவனை மேடையில் சகோதரன் என விளிக்குமுன், அவனது காணிக்கு எல்லைக்கல் நடும்போது அருகே சென்று நிற்போம். அதன்பின் அச்சொல்லை நாம் சொல்லலாம்; அவனும் நம்புவான்.