தேனும் அதன் சாம்பலும்

தேன் இரத்தத்தை விருத்தி செய்வதென்றும், இரும்புச் சத்தின் களஞ்சியமென்றும் நம்மவருள் பலர் நெடுங்காலமாக நம்பி வருகின்றனர். பழமையானது என்பதனாலேயே ஒரு நம்பிக்கை மெய்யாகிவிடாது, அதனாலேயே பொய்யாகிவிடுவதுமில்லை. ஆதலின், ஆராய்ச்சியாளர் தேனைப் பற்றிக் கண்ட உண்மைகளை வரலாற்று முறையில் ஈண்டு நோக்குவோம்.

கி.மு. 1600-ஆம் ஆண்டளவில் எகிப்து நாட்டில் எழுதப்பெற்ற வைத்தியச் சுவடியொன்று எட்வின் ஸ்மித் என்பார் பெயரால் வழங்குகின்றது. ஜேம்ஸ் பிரஸ்டெட் என்னும் அறிஞர் அதனை 1930-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். காயத்தின்மீது கொழுப்பும் தேனும் வைத்துக் கட்டுமாறு அச்சுவடி கூறுகின்றது. இதன் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1963-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒயிட் என்பாரும் அவர்தம் துணைவரும், தேனீயிடமிருந்து தேனிற் சேரும் ஒரு நொதிப்பொருள் ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கிக் கிருமிகளை ஒடுக்குகின்றது என விளக்கினர். முன்னோர் கைமருந்து ஈண்டு மெய்யாயிற்று.

இனி, உணவுச் சத்தைப் பார்ப்போம். ஒரு பொருளை முற்ற எரித்தபின் எஞ்சும் சாம்பலே அதிலுள்ள தாதுப் பொருள்களின் அளவைக் காட்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஷூட்டே என்பார் 1932-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெளிறிய தேனைவிடக் கருநிறத் தேனில் இரும்பும் செம்பும் மாங்கனீசும் மிகுதி எனக் காட்டினார். மிகுதி என்றால் எவ்வளவு? 1962-இல் ஒயிட் குழுவினர் 490 தேன் மாதிரிகளைச் சோதித்தபோது, நூறு பங்கு தேனில் சாம்பல் சராசரி 0.17 பங்கே இருந்தது. ஏறத்தாழ 17 பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி சர்க்கரையே.

நூறு கிராம் தேனில் இரும்பு சுமார் 0.4 மில்லிகிராம், அதே எடையுள்ள முருங்கைக் கீரையில் சுமார் 4 மில்லிகிராம். வயது வந்த பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதைத் தேனிலிருந்தே பெற வேண்டுமாயின், அவள் நாள்தோறும் நான்கு கிலோகிராமுக்கு மேல் உண்ணல் வேண்டும்! சோகை பிடித்த தாய்மாரைத் தேன் புட்டியை நம்பியிருக்கச் செய்வது எத்துணைப் பேதைமை!

இதனினும் கொடிது ஒன்றுண்டு. பிறந்த மகவின் நாவிலே சேனையென்று தேன் தொட்டு வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் கைக்குழந்தைகளின் குடலிலேயே தோன்றுவதுண்டு என்பது 1976-இல் கலிபோர்னியாவில் அறியப்பட்டது. அந்நோய்க் கிருமியின் வித்துகள் சில தேன்களில் உள்ளமை பின்னர்த் தெளிவாயிற்று. வளர்ந்தோர் குடல் அவற்றை முளைக்கவிடாது. சிசுவின் குடலுக்கோ அவ்வலிமையில்லை. தசைகள் சோர்ந்து, மூச்சும் தடைப்படலாம். ஆதலின், ஓராண்டு நிறையாத மகவுக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது.

தேன் நல்ல இனிப்பு. அவ்வளவில் அதை நாம் போற்றுவோம். சோகைக்குக் கீரையையும் மருத்துவரையும் நாடுவோம். சேனை வழக்கத்தை விடுவதால் குலப்பெருமை குன்றாது, குழந்தை பிழைக்கும்.