கிஸ்ஸாவும் நாவலும்

உயர்ந்த இலக்கியம் ஒரு பக்கம், பொழுதுபோக்குக் கதை மறுபக்கம் என்று கோடு கிழித்து, மர்மக் கதையோ வீரக் கதையோ கையிலெடுக்கும் மாணவனைக் கடிந்துகொள்வது நம் ஆசிரியர்களிடையே வழக்கமாயிருக்கிறது. அக்கோட்டை யார் கிழித்தார் என்று கேட்பவர் சிலரே. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் நமது கரையோர முஸ்லிம் ஊர்கள் எந்த இலக்கிய மரபின் வாரிசுகளோ, அம்மரபின் வரலாறே இதற்கு விடை கூறும்.

பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் 5,000க்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம். அதைப் பொருளுணர்ந்து படிக்கப் புலமை வேண்டும். அதே முஸ்லிம் தமிழ் மரபுதான் கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா ஆகிய வடிவங்களையும் தமிழுக்குத் தந்தது. 'சைத்தூன் கிஸ்ஸா'வில் போர்க்களம் புகும் இளவரசி வருகிறாள். 'நூறு மசலா'வில் அரசகுமாரி ஒருத்தி நூறு வினாக்களைத் தொடுக்கிறாள். விடை சொல்ல வல்லவனே அவளை மணக்கலாம். வீரம், காதல், புதிர் என்று இன்றைய வெகுசனக் கதையின் சரக்குகள் அனைத்தும் அங்கே உண்டு. பண்டிதர்கள் இவற்றைக் காப்பிய வரிசையில் வைக்கவில்லை. ஆயினும் ஏடு வாசிக்கத் தெரியாதவரும் செவிவழியே இவற்றை அறிந்திருந்தனர். பெண் வினா எழுப்புகிறாள், ஆண் விடையளிக்கக் கடமைப்படுகிறான். இக்காட்சியை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியுமா?

அடுத்து நாவலுக்கு வருவோம். கண்டி அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்விக்காக வாதாடியவர். 1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். எகிப்தில் உயர்குடியிற் பிறந்தவன் இந்திய மண்ணில் வளர்ந்து, இடர்கள் பல கடந்து உயரும் கதை அது. இன்றைய நூலகத்தில் அதைச் சாகசக் கதை என்றே வகைப்படுத்துவர். சீர்திருத்தவாதி ஒருவர் அவ்வடிவத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. கிஸ்ஸா கேட்டுப் பழகிய சமூகத்துக்குப் பரந்த உலகைக் காட்ட அதுவே நேர்வழி எனலாம்.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. உழைப்பாளியின் பேச்சைக் கதையில் ஏற்றிய எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் 1960களின் தொடக்கத்தில் 'இழிசனர் வழக்கு' எழுதுவோர் என்று இகழ்ந்தனர். அன்று நமக்கெதிராக நீட்டப்பட்ட அளவுகோலை இன்று மக்கள் விரும்பிப் படிக்கும் கதைக்கெதிராக நாமே நீட்டலாமா?

அப்படியாயின் எல்லாக் கதையும் ஒன்றுதானா? அன்று. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் பெருக்கில் ஈழத்து எழுத்தாளனின் நூல் சந்தை காணாது தவித்தது. 1970களின் தொடக்கத்தில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்நாட்டு நாவல் வெளியீடு பெருகியது. வீரகேசரி நிறுவனம் அக்காலத்தில் வெளியிட்ட நாவல் வரிசை இதற்குச் சான்று. அன்று எதிர்க்கப்படவேண்டியிருந்தது கதையின் வகையன்று. வாசகனின் ஓய்வு நேரத்தைச் சரக்காக்கிய முதலின் ஆதிக்கமே.

எனவே அளவுகோல் வேறாக இருத்தல் வேண்டும். மருதமுனை நெசவாளியைப் பற்றி எழுதிவிட்டதனால் மட்டும் உயிரற்ற கதை இலக்கியமாகிவிடாது. கொலையாளியைத் தேடும் கதை, அக்கொலையால் இலாபமடைந்தவர் யாரென்று சமூகத்தையே விசாரிக்குமானால் அது தாழ்ந்ததுமாகாது. வாசகனைச் சிந்திக்க வல்ல மனிதனாக மதிக்கிறதா, வாங்குபவனாக மட்டும் எண்ணுகிறதா என்பதே கேள்வி.

ஆசிரியத் தோழர்களே, மாணவனின் கையிலிருக்கும் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். அதைப் பற்றி அவனிடம் வினாத் தொடுங்கள். அவனையும் வினவ விடுங்கள். நூறு மசலா கேட்டு வளர்ந்த மரபுக்கு அதுவே பொருந்தும்.