ஊர் வரலாறும் சான்றும்

பல்லடத்துத் தறிகளின் ஓசையிலே வளர்ந்தவன் நான். "திருப்பூர் ஒரு காலத்தில் நம் பல்லடம் வட்டத்தைச் சேர்ந்த ஊர்" என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2009இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்துள் பல்லடம் அடங்கியிருப்பதையே கண்ட இளைஞர்க்கு இது வியப்பாகத் தோன்றும்.

அச்செய்தியைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். 2003இல் தொடங்கிய இந்த இணையக் கலைக்களஞ்சியத்தை ஆக்குவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். மறுநாளே முன்பின் அறியாத ஒருவர், "சான்று எங்கே?" என்று வினவினார். முதலில் சினங்கொண்டேன், பின்னர் நூல்களைத் தேடினேன். 1908இல் அச்சான இந்தியப் பேரரசு விவரச்சுவடி முதியோர் சொல்லை உறுதிப்படுத்திற்று. வினவியவர் பகைவரல்லர், என்னுடன் சேர்ந்து எழுதியவர் என்பதை அன்று உணர்ந்தேன்.

இப்பணிக்கு முன்னோடியும் நம் கொங்கு நாட்டிலேயே உண்டு. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருக்க, அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதனை எழுதியோர் அறிஞர்; இன்றோ மாணவரும் எழுதலாம்.

ஆயினும், தறி ஓட்டியோரின் வாழ்வு எந்த விவரச்சுவடியிலும் முழுமையாக இல்லை. அவர்தம் நினைவு அவரோடு மறைந்துவிடும். மாணவர்களே, அவர்களிடம் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். நாளை ஒருவர் "சான்று எங்கே?" என்று கேட்பார்.