ஒரே மாதத்தில் மூன்று ஸ்டென்ட்: கங்குலிக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை இதய நோயாளிகளுக்கு உணர்த்துவது என்ன?

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் வசிக்கும் இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் சவுரவ் கங்குலி, 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் இருமுறை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். முதல் முறை ஒரு ஸ்டென்ட்டும், இரண்டாம் முறை இரண்டு ஸ்டென்ட்களும் அவருக்குப் பொருத்தப்பட்டன. அப்போது அவருக்கு வயது 48. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் அவர் இருந்தார்.

அந்தச் செய்தி வெளியானபோது பலரிடமும் எழுந்த கேள்வி, தவறாமல் உடற்பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கு மாரடைப்பு வருமா என்பதுதான். சிகிச்சை பெறப்போகும் நோயாளிக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு இரண்டு. மூன்று இரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்தும், முதலில் ஒன்றை மட்டும் சரிசெய்தது ஏன்? மூன்று அடைப்பு என்றாலே பைபாஸ்தான் என்று பரவலாகச் சொல்லப்படும்போது, அவருக்கு அது செய்யப்படாதது ஏன்?

வீட்டில் உடற்பயிற்சி செய்தபோது நெஞ்சில் அசௌகரியமும் தலைசுற்றலும் ஏற்பட்டதைத் தொடர்ந்து, ஜனவரி 2-ஆம் தேதி கங்குலி உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். லேசான மாரடைப்பு என்று கண்டறியப்பட்டது. ஆஞ்சியோகிராம் பரிசோதனையில் இதயத்தின் மூன்று முக்கிய இரத்தக்குழாய்களிலும் அடைப்பு இருப்பது தெரியவந்தது. வலது இதயத் தமனியில் உடனடியாக ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அவரது குடும்பத்தில் இதய நோய் இருந்ததும் மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தது. உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கும். பரம்பரையாக வரும் ஆபத்தை அது முற்றிலும் அழித்துவிடாது.

மாரடைப்பு என்பது பெரும்பாலும் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்வதால் நிகழ்வது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை, நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். எனவே, மாரடைப்புக்குக் காரணமான குழாயைத் திறப்பதே அந்த நேரத்தின் முதல் வேலை. மற்ற இரண்டு அடைப்புகள் பழையவை. அவற்றுக்குச் சில நாள்களோ வாரங்களோ பொறுக்கலாம். நோயாளியின் உடல்நிலை தேறிய பின், அவரிடமும் குடும்பத்தாரிடமும் பேசி முடிவெடுக்க அந்த அவகாசம் உதவுகிறது.

ஆனால், மிச்சமுள்ள அடைப்புகளை அப்படியே விட்டுவிடலாமா? 2019-இல் வெளியான 'கம்ப்ளீட்' என்ற பன்னாட்டு ஆய்வு இதற்கு விடை தேடியது. மாரடைப்பு வந்த 4,041 பேர் அதில் பங்கேற்றனர். மாரடைப்புக்குக் காரணமான அடைப்பை மட்டும் சரிசெய்துகொண்டவர்களில், சுமார் மூன்று ஆண்டுகளில் 10.5 சதவீதத்தினர் இதய நோயால் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாகினர். மற்ற முக்கிய அடைப்புகளையும் சரிசெய்துகொண்டவர்களில் இது 7.8 சதவீதம். அந்த இரண்டாம் கட்டச் சிகிச்சை, மருத்துவமனையில் இருக்கும்போதோ, வீடு திரும்பிய பின் 45 நாள்களுக்குள்ளோ செய்யப்பட்டது. ஜனவரி 7-இல் வீடு திரும்பிய கங்குலி, மீண்டும் நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டதால் 27-ஆம் தேதி அப்பல்லோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். மறுநாள் இரண்டு ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டு, 31-ஆம் தேதி வீடு திரும்பினார்.

ஆஞ்சியோபிளாஸ்டியைப் பலர் 'ஆபரேஷன்' என்றே குறிப்பிடுகிறார்கள். நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை அல்ல அது. மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்புள்ள இடத்தில் சிறு பலூனை விரித்து, உலோக வலையாலான ஸ்டென்ட்டை அங்கே நிலைநிறுத்துவார்கள். அந்த இடம் மட்டுமே மரத்துப்போக ஊசி போடப்படும்; நோயாளி விழித்திருப்பார். இதில் பலூனைக் கொண்டு அடைப்பை விரிக்கும் முறையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் முதன்முதலாக இதயத் தமனியில் செய்துகாட்டினார்.

பைபாஸ் முழுமையான அறுவை சிகிச்சை. அதில் அடைப்பு அகற்றப்படும் என்று எண்ணுவது தவறு. காலிலிருந்து எடுத்த சிரை அல்லது நெஞ்சின் உட்புறத் தமனியைக் கொண்டு, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல மாற்றுப் பாதை அமைக்கப்படும். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தியாவில் இந்த அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் அது நடைபெற்றது.

இரண்டில் எது என்பதை அடைப்புகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவை எங்கே உள்ளன, எவ்வளவு நீளம், குழாய் கிளை பிரியும் இடத்திலா, இதயத்தின் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் எப்படி, நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பனவெல்லாம் கணக்கில் வரும். சர்க்கரை நோயுடன் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில், ஸ்டென்ட்டைவிட பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே உயிரிழப்பும் மாரடைப்பும் குறைவாக இருந்தன; பக்கவாதம் மட்டும் சற்று அதிகமாக இருந்தது. தமிழகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே 'கங்குலிக்கு ஸ்டென்ட்தானே வைத்தார்கள்' என்ற ஒப்பீடு எல்லோருக்கும் பொருந்தாது.

மாரடைப்பு இல்லாமல், வழக்கமான பரிசோதனையில் அடைப்பு தெரியவந்தவர்களின் நிலை வேறு. 5,179 பேர் பங்கேற்று 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், நோய் நிலையாக உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வது, மருந்துகளைக் காட்டிலும் உயிரிழப்பையோ மாரடைப்பையோ குறைத்ததாகத் தெரியவில்லை. நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு அது கூடுதல் நிவாரணம் அளித்தது. இடப்பக்க முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவசரமில்லாத நிலையில் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மாரடைப்பின்போது அந்த அவகாசம் கிடையாது. நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் களைப்பு, மூச்சு வாங்குதல் மட்டும் தோன்றலாம். வாயுப் பிடிப்பு என்று கருதி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பதில்தான் நம் ஊர்களில் பலர் நேரத்தை இழக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்; தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. முதல் இசிஜி இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகிவிடாது; மீண்டும் இசிஜியும் இரத்தத்தில் ட்ரோபோனின் பரிசோதனையும் தேவைப்படலாம்.

ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனை தொலைவில் இருந்தால், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறை உள்ளது. தமிழகத்தில் சிறு மருத்துவமனைகளை நான்கு பெரிய மையங்களுடன் இணைத்து இம்முறை சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளை உள்ளடக்கி 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

செலவைப் பொறுத்தவரை, ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. மருத்துவமனைக் கட்டணத்தில் ஸ்டென்ட் விலை தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம்.

வீடு திரும்பிய பிறகு ஏற்படும் பெரிய ஆபத்து மாத்திரையை நிறுத்துவது. ஸ்டென்ட் ஓர் அந்நியப் பொருள். அதன்மேல் இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இரண்டாவது மருந்தும் தரப்படும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு இவ்விரண்டும் வழக்கமாக ஓராண்டுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. வலி இல்லையே என்று நிறுத்தினால் ஸ்டென்ட்டே திடீரென அடைத்துக்கொள்ளக்கூடும். பல் பிடுங்கவோ, கண்புரை அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது ஸ்டென்ட் உள்ளதை அந்த மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா, எத்தனை நாள்களுக்கு என்பதை இதயநோய் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.