எழுத்துநிலை மண்டபமும் இந்திரா நகர் நிலையமும்

பொதுவிடத்துச் சுவரில் ஓவியம் தீட்டுதல் அண்மையில் மேலைநாட்டினின்றும் வந்த வழக்கம் என்பார் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. புகார் நகரத்து நெடுநிலை மனைகளின் வெண்சுதைச் சுவர்களில் வானவர் முதலாக எல்லா உயிர்களும் தீட்டப்பெற்றிருந்தன என்றும், வீதியிற் சென்றோர் அவற்றைக் கண்டு நின்றனர் என்றும் மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை கூறுகின்றது. பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைப் பாடிய நப்பண்ணனார் காண்போரின் உரையாடலையும் நமக்குக் காட்டுகின்றார் (பரிபாடல், 19). இவள் இரதியோ, இவன் காமனோ எனச் சிலர் வினவ, அறிந்தோர் விடை பகர்கின்றனர். பூனை வடிவில் நிற்பவன் இந்திரன், கல்லானவள் அகலிகை எனக் கதையையும் விளக்குகின்றனர். ‘இவர் யார்?’ என்னும் வினாவும் அதற்குரிய விடையுமே அம்மண்டபத்தின் உயிர் என்க.

நினைவுச் சின்னங்களும் இவ்வினாவிற்கே விடை தருகின்றன. திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்தருகே, 1932-இல் கொடியேந்தி உயிர்நீத்த குமரனுக்கு நினைவகம் உண்டு. பின்னலாடைத் தொழிலை நாடி அவ்வூரில் வந்திறங்கும் புதியவர் வினவின், எவரும் பெயர் கூறுவர்.

சென்னையிலோ இம்மரபு திசை மாறியுள்ளது. மக்கள் பறக்கும் ரயில் என வழங்கும் உயர்நிலைத் தடம் 1995-இல் கடற்கரையினின்று சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் அமைந்தது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுந்த அதன் நிலையங்கள் பேருருவின. அழகில் வறியன என்பதே எம் கருத்து. தண்டவாளத்தை வானில் ஏற்றியமையால் தெருவை நோக்கி நெடிய வெறுஞ்சுவர்கள் எஞ்சின. அத்தகைய சுவரிலேதான், இந்திரா நகர் நிலையத்தில், 2020-இல் ஏ-கில் என்னும் ஓவியர் மாந்தர் முகங்களைப் பேருருவில் தீட்டினார். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சி அது. ‘நாம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடையது.

எச்.ஐ.வி. தொற்றுடையோர்பால் சமுதாயம் காட்டும் வெறுப்பை நீக்குதல் அதன் நோக்கம். தொற்றுடையோர் முகமும் ஏனையோர் முகமும் ஆங்கு ஒருங்கே உள்ளன. இன்னார் இன்னவர் என்னும் குறிப்பில்லை. பரங்குன்றத்தில் இந்திரனைப் பூனை வடிவம் காட்டிக் கொடுத்தது. இங்கு எந்த முகமும் தன்னைக் காட்டிக் கொடுப்பதில்லை. ‘இவர்களுள் நோயுற்றவர் யார்?’ எனச் சாலையிற் செல்வோன் வினவலாம். விடை பகர்வோர் அருகில் இரார்.