அளவுகோலும் அளக்கப்பட்டதும்

ஒரு அளவுகோல் எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் ஒரே எண்ணைக் காட்டலாம். அதனாலேயே, அளப்பதாகச் சொல்லப்படும் விஷயத்தைத்தான் அது அளக்கிறது என்றாகிவிடாது. பேரேட்டில் பற்றும் வரவும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும்; தொகை வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும். சமூக விஞ்ஞானம் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு அமெரிக்க ராணுவத்தின் அறிவுச் சோதனை ஓர் உதாரணம்.

1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே தன் சோதனையை அமைத்தது, பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டு உதவுவதற்காக. பிறவி அறிவை அளப்பதாக அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் அமெரிக்கர்கள். 1917இல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியதும் ராபர்ட் யெர்க்ஸ் குழுவினர் சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தார்கள். எழுத்தறிந்தவர்களுக்கு ஆல்ஃபா, மற்றவர்களுக்குப் படங்களாலான பீட்டா. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா? அது அங்கே விற்ற ஒரு சமையல் கொழுப்பின் வியாபாரப் பெயர். பீட்டாவில் வலையில்லாத டென்னிஸ் மைதானம். விடுபட்டதை வரைய வேண்டும். டென்னிஸே பார்த்திராத சிசிலி விவசாயி அந்த மதிப்பெண்ணை இழந்தான்.

1923இல் கார்ல் பிரிகாம் இந்த எண்களைக்கொண்டு ஒரு நூல் எழுதினார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்பது அவர் முடிவு. மறுப்பு அவருடைய அட்டவணையிலேயே இருந்தது. குடியேறி அதிக வருஷமானவர்கள் அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். சோதனை அளந்தது அமெரிக்கப் பரிச்சயத்தை என்பதே இதற்கு நேரான அர்த்தம். பிரிகாமோ, சமீபத்தில் வந்தவர்கள் மட்டமான இனத்தவர் என்று அர்த்தம் கொண்டார். கருவியின்மேல் வந்திருக்க வேண்டிய சந்தேகம் மனிதர்கள்மேல் விழுந்தது.

1924இல் குடியேற்றச் சட்டம் வந்தது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பெருவாரியாக வருவதற்கு முந்தைய 1890 கணக்கெடுப்பை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் 2 சதவீத ஒதுக்கீடு. இதில் சோதனையின் பங்கு எவ்வளவு என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் தகராறு உண்டு. துவேஷம் முன்பே இருந்தது. அதற்கு விஞ்ஞான அந்தஸ்து கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

1930இல் பிரிகாம் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அச்சிலேயே வாபஸ் வாங்கினார். நாடுவாரி ஒதுக்கீடு 1965 வரை நீடித்தது.

சரிபார்க்க வேண்டியது சோதனையை அல்ல, அதிலிருந்து நாம் செய்யும் அனுமானத்தை என்று க்ரோன்பாக், மீல் இருவரும் 1955இல் வாதித்தார்கள். விமர்சனத்துக்கும் விஞ்ஞான அளவுகோல் வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.